வாசகர் கேள்வி–பதில்: ஒரு கோடிக்கு இன்சூரன்ஸ் ரொம்ப அதிகம் இல்லையா?

குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு எடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். நிறைய பேர் கேட்டது ‘எந்தக் கம்பெனி நல்லது?’ என்றுதான். அதற்கு இங்கே பதில் கிடையாது. எவ்வளவுக்கு, எத்தனை வருடத்துக்கு, யார் பெயரில் என்ற மூன்றும் முடிவான பிறகு கடைசியில் வரவேண்டிய கேள்வி அது. அந்த மூன்றையும் கேட்டவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 34. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், கையில் வரும் சம்பளம் மாதம் 62,000. மனைவிக்கு 31, வீட்டில் இருக்கிறார். பையனுக்கு 6, பாப்பாவுக்கு 2. அம்மாவும் எங்களோடுதான். வீட்டுக்கடன் பாக்கி 22 லட்சம். சித்தப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட் என்பதால் அவரிடம் மூன்று பாலிசி போட்டிருக்கிறேன், வருடத்துக்கு 58,000 கட்டுகிறேன், மூன்றும் சேர்ந்து காப்பீட்டுத் தொகை 9 லட்சம். ஆபீஸில் ஒரு கோடிக்கு டேர்ம் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும், சேமிப்பு இல்லாத பாலிசி) எடு என்கிறார்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒரு கோடி ரொம்ப அதிகம் இல்லையா? — வாசகர், திருப்பூர்

பதில்: அதிகம் இல்லை, உங்களுக்கு அது பற்றாது.

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம். நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் வரப்போவது 9 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும். பாதிக் கடன்கூட அடையாது. மாதம் ஐயாயிரம் ரூபாய் கிட்டத்தட்ட இன்சூரன்ஸுக்கு என்று போகிறது, ஆனால் அதில் இன்சூரன்ஸ் என்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் சேமிப்பு. அதனால்தான் ‘மூன்று பாலிசி இருக்கிறதே’ என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிகிறது.

கடிதத்தின் பின்பக்கத்தில் மாதச் செலவை எழுதி அனுப்பியிருந்தீர்கள், ரொம்ப உபயோகமாக இருந்தது. மளிகை, பால், காய்கறி 11,000. கேஸ், கரண்ட், போன் 3,500. ஸ்கூல் ஃபீஸை மாதத்துக்குப் பிரித்தால் 6,000. அம்மாவின் மாத்திரை 1,800. துணிமணி, மொய், நல்லது கெட்டது 4,700. ஆக 27,000. உங்கள் பெட்ரோல், டீ, வெளிச்சாப்பாடு 5,000 தனி. நீங்கள் இல்லாவிட்டால் அது இல்லை. வீட்டுத் தவணை 20,400-ஐயும் இதில் சேர்க்க வேண்டாம், கடனை மொத்தமாக அடைப்பதாகத்தான் கணக்குப் போடப்போகிறோம்.

இந்த 27,000 வருடத்துக்கு 3,24,000. பாப்பா படித்து முடித்து ஒரு வேலையில் உட்கார இன்னும் 22 வருடம் என்று வையுங்கள். வருகிற பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டால் வரும் வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டால் பெருக்கினால் போதும்: 71 லட்சம். அப்புறம் உங்கள் மனைவி. அவருக்கு அப்போது 53 வயது இருக்கும், அவர் ஒருவருக்கு இன்றைய விலையில் மாதம் 12,000, 85 வயது வரை 32 வருடம் என்றால் இன்னொரு 46 லட்சம். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடன் 22 லட்சம். இரண்டு பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 20 லட்சம். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று 5 லட்சம். கூட்டினால் 1 கோடியே 64 லட்சம்.

இதிலிருந்து கழிக்க வேண்டியது பழைய பாலிசிகளின் 9 லட்சம், நீங்கள் சொன்ன பி.எஃப். இருப்பு 4 லட்சம். மிச்சம் 1 கோடியே 51 லட்சம். மனைவியின் நகையைக் கழிக்காதீர்கள். குடியிருக்கும் வீட்டையும் கழிக்காதீர்கள், அதை விற்றால் வாடகை என்று ஒன்று புதிதாக முளைக்கும். பி.எஃப். கட்டும் ஊழியர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் இ.டி.எல்.ஐ. திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும், நிறைய பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டாம். பி.எஃப். இல்லாத இடத்துக்கு நாளைக்கு மாறினால் அது இருக்காது. கம்பெனி போட்டுத்தரும் குரூப் இன்சூரன்ஸும் அப்படித்தான், ராஜினாமா கடிதத்தோடு போய்விடும். மனைவி வேலைக்குப் போவாரே, அதைக் கழிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் கழிக்கமாட்டேன். போனால் நல்லது, ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு முதல் மாதமே ஓட வேண்டிய நிலைமையில் அவரை வைக்கக் கூடாது.

ஆக ஒன்றரைக் கோடி. வருடச் சம்பளத்தைப் போல பத்து மடங்கு என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள், உங்கள் விஷயத்தில் அது 74 லட்சத்தில் நின்றுவிடும். கடனை அடைத்தபின் 52 லட்சம்தான் மிஞ்சும். வாய்ப்பாட்டுக்கு உங்கள் கடனும் தெரியாது, பாப்பாவின் வயதும் தெரியாது.

இந்தத் தொகையை டேர்ம் பாலிசியில்தான் எடுக்க முடியும். உங்கள் பழைய பாலிசிகளைப் போல சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட் வகையில் ஒன்றரைக் கோடி கேட்டால் பிரீமியம் உங்கள் சம்பளத்தையே தாண்டும். சிகரெட், புகையிலை இல்லாத 34 வயதுக்காரருக்கு 60 வயது வரைக்கும் ஒன்றரைக் கோடி டேர்ம் என்றால், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், வருடத்துக்கு சுமார் 15,000 முதல் 22,000-க்குள் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு முன் டேர்முக்கு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

60 வயது வரை போதும். 85 வரை, 99 வரை என்று ஆசை காட்டுவார்கள், பிரீமியமும் கூடவே ஏறும். 60 வயதில் கடன் முடிந்திருக்கும், பாப்பாவுக்கு 28 வயதாகியிருக்கும், உங்கள் சம்பளத்தை நம்பி மனைவியைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள், அவருக்கும் அதற்குள் சேமிப்பு சேர்ந்திருக்கும். சம்பளமே இல்லாத வயதில் எதற்கு டேர்ம்?

விண்ணப்பத்தில் பணத்தை எப்படித் தர வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும், மொத்தமாகவா, மாதாமாதமா, பாதி பாதியா என்று. இதை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். ஒன்றரைக் கோடி ஒரே நாளில் வங்கியில் விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் நிலம் வாங்கலாம், சீட்டு போடலாம், என்னிடம் கொடு வட்டி தருகிறேன் என்று ஆள் வந்துவிடுவார்கள். உங்கள் மனைவி பண விஷயத்தில் தெளிவானவர் என்றால் மொத்தமாகவே இருக்கட்டும். சந்தேகம் என்றால் கடனுக்கும் உடனடிச் செலவுக்கும் ஒரு பகுதியை மொத்தமாகவும் மீதியை வருடாவருடம் கூடுகிற மாதத் தொகையாகவும் வைக்கலாம். இதை நீங்கள் தனியாக முடிவுசெய்யாமல் அவரையே கேட்டு எழுதுங்கள்.

பழைய பாலிசிகளைப் பற்றி: புது டேர்ம் பாலிசி கைக்கு வரும்வரை அவற்றைத் தொடவே தொடாதீர்கள். ரத்த டெஸ்டில் ஏதாவது வந்து புது பாலிசி மறுக்கப்பட்டால், உள்ளதும் இல்லாமல் போகும். வந்த பிறகு, முடிய மூன்று நான்கு வருடம்தான் இருக்கிறது என்றால் கட்டி முடித்துவிடுங்கள். இருபது வருட பாலிசியில் ஆறு வருடம் மட்டும் கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதிய அந்த 5 லட்சம் பாலிசியை ‘பெய்டு-அப்’ ஆக்கலாம். இனிமேல் பிரீமியம் இல்லை, 5 லட்சம் ஒன்றரை லட்சமாகக் குறையும், சேர்ந்த போனஸ் அப்படியே இருக்கும், முடிவுத் தேதியில் கைக்கு வரும். சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை இப்போதே முடித்துப் பணத்தை வாங்கினால் எவ்வளவு, பெய்டு-அப் என்றால் எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எல்.ஐ.சி.யிலும் டேர்ம் உண்டு, அவரிடமே கேளுங்கள். இத்தனை வருடம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், கமிஷன் பிரீமியத்தின் அளவைப் பொறுத்தது என்பதுதான் காரணமாக இருக்கும், கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கேள்வி: டேர்மில் கட்டிய பணம் திரும்ப வராதே. திரும்பத் தருகிற டேர்மும் இருக்கிறதாமே, அதை எடுத்தால் என்ன? — வாசகர், மதுரை

பதில்: திரும்பத் தருகிறார்கள், உங்களிடமே கூடுதலாக வாங்கித் தருகிறார்கள். சாதாரண டேர்ம் 12,000 என்றால் இந்த வகை ஏறக்குறைய 24,000 என்று வைத்துக்கொள்வோம். 25 வருடம் கட்டி உயிரோடு இருந்தால் 6 லட்சம் கைக்கு வரும். அதே கூடுதல் 12,000-ஐ ஒவ்வொரு வருடமும் அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.-இல் போட்டு வந்தால், இப்போதைய 7.1 சதவீதத்தில் 25 வருட முடிவில் 8 லட்சத்துக்கு மேல் நிற்கும். டேர்ம் பணம் ‘வீண்’ என்றால் பைக் இன்சூரன்ஸும் வீண்தான், விபத்து நடக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

எண்டோவ்மென்டுக்கும் இதே கணக்குதான். வருடம் 50,000 வீதம் இருபது வருடம் கட்டினால், ஐந்தரை சதவீத வருமானத்தில் 18 லட்சத்துச் சொச்சம் வரும். பி.பி.எஃப்.-இல் 22 லட்சம். கையில் காசு நிற்காது, ஏஜென்ட் வந்து கேட்டால்தான் சேமிப்பேன் என்கிற சுபாவம் உள்ளவர்கள் எண்டோவ்மென்ட் போடட்டும், நான் குறை சொல்லமாட்டேன். அதை இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கேள்வி: வீட்டுக்கடனோடு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் வங்கி அதிகாரி. கட்டாயமா? — வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. அங்கே தருவது பெரும்பாலும் ஒரே தவணையில் பிரீமியம் வாங்கும் பாலிசி, அந்தப் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள், அதற்கும் நீங்கள் இருபது வருடம் வட்டி கட்டுவீர்கள். கடன் குறையக் குறைய காப்பீடும் குறையும். கடன் தொகையையும் சேர்த்து ஒரு டேர்ம் நீங்களே எடுத்து அந்த நகலைக் காட்டுங்கள். ‘கட்டாயம் என்பதை எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: கணவர் துபாயில் இருக்கிறார். நான் இங்கே தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 18,000. ஒரே மகள், 9 வயது. அவள் பெயரில் வருடம் ஒரு லட்சத்துக்குப் பாலிசி போட்டால் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆகும் என்று வங்கியில் சொல்கிறார்கள். போடலாமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: மகள் பெயரில் ஆயுள் காப்பீடு வேண்டாம் அம்மா. அவள் சம்பாத்தியத்தை நம்பி வீட்டில் யாரும் இல்லை. அவளுக்காகச் சேமிக்க வேண்டும் என்றால் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே போஸ்ட் ஆபீஸிலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள். பத்து வயது முடிந்தால் திறக்க முடியாது. பாதுகாவலராக நீங்களே கையெழுத்துப் போடலாம். இப்போது வட்டி 8.2 சதவீதம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், பதினெட்டு வயதில் படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

இன்சூரன்ஸ் வேண்டியது உங்கள் இருவருக்கும். கணவருக்குத்தான் பெரிய தொகை. வெளிநாட்டில் இருப்பவர் இந்திய நிறுவனத்தில் டேர்ம் எடுக்கலாம், லீவில் வரும்போது மெடிக்கல் முடித்துவிடுவது சுலபம். எந்த நாடு, என்ன வேலை என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், அப்படி எழுதினால் அங்கே இறந்தாலும் பணம் வரும். உங்கள் 18,000 சின்னச் சம்பளம், அதற்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். சம்பளத்தை விடப் பெரிய விஷயம், அந்தப் பெண்ணைத் தனியாக வளர்த்துக்கொண்டிருப்பது நீங்கள். நீங்கள் இல்லையென்றால் கணவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டும், அல்லது இன்னொருவரை நம்பி மகளை விட வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். உங்கள் பெயரில் 25, 30 லட்சத்துக்கு ஒன்று எடுங்கள்.

கேள்வி: பவர்லூம் வைத்திருக்கிறேன். பெயரில் கடன் நிறைய. எனக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணத்தைக் கடன்காரர்கள் பிடித்துக்கொள்ள முடியுமா? — வாசகர், பள்ளிபாளையம்

பதில்: முடியாதபடி செய்ய ஒரு வழி இருக்கிறது. 1874-ஆம் வருடத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் கீழ் மனைவி, பிள்ளைகள் நலனுக்காக என்று பாலிசி எடுத்தால் அது அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும்; உங்கள் கடனுக்கு அதை ஜப்தி செய்ய முடியாது. கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தீர்கள் என்று அவர்கள் நிரூபித்தால்தான் சிக்கல், அதனால் தொழில் நன்றாக ஓடும்போதே எடுத்துவிடுவது நல்லது. (நம்மூருக்கு இதில் ஒரு பெருமை: இந்துக்கள், முஸ்லிம்கள் எடுக்கும் பாலிசிகளுக்கு இந்தப் பிரிவு 1923 ஏப்ரலிலிருந்துதான் நாட்டின் மற்ற பகுதிகளில் பொருந்தும் என்று சட்டம் சொல்கிறது, மெட்ராஸுக்கு மட்டும் 1913 முடிந்ததிலிருந்தே.)

பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தில் எழுத வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. எழுதிவிட்டால் மாற்றவும் முடியாது. அந்தப் பாலிசியை வைத்து நீங்களே கடன் வாங்கக்கூட முடியாது. ஏஜென்ட் ‘அதெல்லாம் எதற்கு சார், நாமினி போட்டால் போதும்’ என்பார். கடன் இல்லாதவருக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

கேள்வி: வயது 41. மூன்று வருடமாக சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை ஃபாரத்தில் எழுத வேண்டாம், மெடிக்கல் இல்லாமலே வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். மூன்று வருடம் தாண்டிவிட்டால் கம்பெனி கேள்வி கேட்க முடியாதாமே? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவர் சொல்வது பாதி சரி. 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி மூன்று வருடம் முடிந்தபின் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் நீங்கள் போய்விட்டால்? தவிர, நடுவில் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகிப் புதுப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்து மூன்று வருடம் மறுபடி ஓடும்.

சீக்கிரம் வரும் க்ளெய்மில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அத்தனையும் கேட்பார்கள். பாலிசி எடுத்து இரண்டு வருடத்தில் நெஞ்சுவலி என்று அட்மிட் ஆகும்போது டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக என்பதுதான். உங்கள் மனைவி பதற்றத்தில் உண்மையைத்தான் சொல்வார், ‘ஐந்து வருடமாக சர்க்கரை’ என்று டாக்டர் எழுதிக்கொள்வார், டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தியிலேயே அது இருக்கும். ஃபாரத்தில் ‘இல்லை’ என்று இருக்கும். அதற்கப்புறம் உங்கள் மனைவி அலைய வேண்டும்.

எழுதினால் பிரீமியம் கூடும், மெடிக்கல் கேட்பார்கள், ஒரு கம்பெனி மறுக்கவும் செய்யலாம், அப்படியானால் இன்னொன்றில் முயலுங்கள், முந்தைய மறுப்பையும் சேர்த்தே சொல்லி. நீங்களே உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்புங்கள். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், வியாதிப் பட்டியல் முழுக்க ‘இல்லை’, ‘இல்லை’ என்றுதான் டிக் ஆகியிருக்கும். பாலிசியோடு அந்தப் படிவத்தின் நகலும் வரும், எடுத்துப் படியுங்கள். கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரவும், தப்பைத் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். சம்பளச் சான்றிதழ், வரிக் கணக்கு எதுவும் இல்லை. டேர்ம் தரமாட்டேன் என்கிறார்கள். எனக்கு என்ன வழி? — வாசகர், விழுப்புரம்

பதில்: இன்றைக்கே செய்யக்கூடியது, உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியில் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டம். வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், சேர்ந்தவர்களுக்கு 55 வரை தொடரும். முதல்முறை சேரும்போது முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம் உண்டு. கூடவே 20 ரூபாய்க்கு சுரக்ஷா பீமா, அது விபத்துக்கு மட்டும் 2 லட்சம். உங்கள் தொழிலுக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டு லட்சம் உங்கள் குடும்பத்துக்குப் போதாது என்பது எனக்கும் தெரியும். அதனால் வரிக் கணக்கை இந்த வருடமே தாக்கல் செய்ய ஆரம்பியுங்கள், வரி வராவிட்டாலும் செய்யலாம். இரண்டு மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால் டேர்ம் கேட்டுப் போகும்போது பேச்சே வேறு. அதுவரைக்கும் இந்த 456 ரூபாய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இல்லையென்றால் பிடித்தம் ஆகாது, ஜூன் ஒன்றிலிருந்து காப்பீடும் இருக்காது, யாரும் வந்து கதவைத் தட்டிச் சொல்லவும் மாட்டார்கள். பாஸ்புக்கைப் பதிந்து இரண்டு வரியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மாவின் பெயரே இருந்தால், அப்போதே கவுன்ட்டரில் ஃபாரம் வாங்கி மாற்றிவிட்டு வாருங்கள்.